வாய்விட்டு எழுதிய கரும்பலகை

எழுபதுகளின் கடைசியில், கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தக் கால வாத்தியார்களின் ஒரு பழக்கம் நினைவிருக்கும். கரும்பலகையில் எதை எழுதினாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார்கள். தலைப்பு, அடிக்கோடு, முற்றுப்புள்ளி வரைக்கும் சத்தமாக வரும். படம் வரைந்தாலும் அப்படித்தான். "இங்கிருந்து ஒரு கோடு இழுக்கறேன், இது மேற்கு. இந்தப் பக்கம் கிழக்கு. நடுவுல விட்டிருக்கறது என்னன்னு சொல்றேன், இருங்க." தமிழ்ப் பாடப்புத்தகம் பாதிப் பேர் கையில் இருக்காது. வாத்தியார் வாயிலிருந்து வருவதுதான் எங்களுக்குப் புத்தகம்.

என் வகுப்பில், முதல் பெஞ்சில், பார்வையில்லாத பையன் ஒருவன் இருந்தான். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951லேயே வகுக்கப்பட்டுவிட்டது. எங்கள் பள்ளியில் அதைப் பார்த்தவர் யாருமில்லை. அவனுக்கென்று தனி ஆசிரியர் இல்லை, அவன் பெயரைச் சொல்லிக் கேட்க ஒரு சட்டமும் இல்லை. ஆனாலும் கரும்பலகையில் ஏறிய எதுவும் அவனுக்குத் தெரியாமல் போகவில்லை. எல்லாமே சத்தமாக ஏறியதால் அவன் எங்களோடு கூடவே வந்தான். பல சமயம் எங்களுக்கு முந்தியும் போனான்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பாடம் நடந்த நாளை இன்னும் என்னால் சொல்ல முடியும். வாத்தியார் பலகையில் மலைகளை வரைந்துவிட்டு அவனிடம் வந்தார். "கையைக் கொண்டா கண்ணு" என்று இரண்டு கைகளையும் முட்டியாக மடக்கி, கொஞ்சம் இடைவெளி விட்டு பெஞ்சின்மேல் வைத்தார். பையன் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். "இடது கை நீலகிரி. வலது கை ஆனைமலை. நாம இருக்கறது இந்த ரெண்டுக்கும் நடுவுல." பிறகு அவன் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து அந்த இடைவெளியில் ஊதினார். "அரபிக்கடல்ல இருந்து வர்ற காத்து வேற எங்கயும் நுழைய முடியாம இப்படி நம்ம ஊரு வழியாத்தான் கோயம்புத்தூருக்குப் போகுது." ஆனி, ஆடியில் பனைமரத்தை வளைக்கிற அந்தக் காற்று எங்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். அது ஏன் அடிக்கிறது என்பது அன்றைக்கு முதலில் புரிந்தது அவனுக்கு. பலகையில் இருந்ததோ வெறும் இரண்டு கோடு.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. அதே வகுப்பில், பெண்கள் பக்கத்தில், காது கேளாத ஒரு பிள்ளையும் இருந்தாள். பலகையைப் பார்த்து எழுதியபடி பேசும் வாத்தியாரின் முதுகுதான் அவளுக்குத் தெரியும், உதடு தெரியாது. எழுதியதை அச்சு மாறாமல் நோட்டில் இறக்குவாள், ஆனால் அதன் அர்த்தத்தை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. ஒருவனைக் கைதூக்கிவிட்ட அதே பழக்கம் இன்னொருத்தியை வெளியே நிறுத்தியது. ஏழாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். நடக்க முடியாத பிள்ளைகள், பேச்சு குழறும் பிள்ளைகள் பள்ளி வாசலுக்கே வரவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று அந்த நாளில் யாரும் எண்ணியதாகவும் தெரியவில்லை.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. எஜுசாட் செயற்கைக்கோளை நம்பி, கிராமத்துப் பள்ளிகளுக்காகக் கேரளம் தொடங்கிய விக்டர்ஸ் கல்வி அலைவரிசையை 2005இல் அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். 2018லிருந்து 45,000 வகுப்பறைகளில் புரொஜெக்டரும் லேப்டாப்பும் வந்தன. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் வந்தன. கணவாயைக் காட்ட இரண்டு கோடு போட வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படமே திரையில் விரிகிறது, மேகம் நகர்கிறது, அம்புக்குறி ஓடுகிறது. அதைப் பார்த்து வாய்பிளந்த பிள்ளைகளோடு நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன்.

ஆனால் திரை வந்ததும் ஆசிரியரின் குரல் சுருங்கிவிட்டது. முன்பு எழுத்தும் பேச்சும் சேர்ந்தே வந்தன. இப்போது எழுத்து ஏற்கெனவே திரையில் இருப்பதால் அதை வாசிக்க அவசியமில்லை என்று ஆகிவிட்டது. "இதைப் பாருங்க", "இங்க இருக்கறதுதான்", "இந்த நிறத்துல காட்டியிருக்கறது" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள். பெஞ்சில் கைமுட்டி வைத்த வாத்தியாரிடம் சாக்பீஸ் மட்டும் இருந்தது. இன்றைய ஆசிரியரிடம் எல்லா வசதியும் இருக்கிறது, அந்தப் பையனைப் போன்ற ஒருவனுக்கு அவர் வகுப்பில் கிடைப்பது மட்டும் குறைந்துபோனது. இந்த வேதனையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதைச் சரிசெய்வது மிகச் சுலபம், அதனால்தான் வேதனையும் அதிகம்.

ஊரடங்கு வந்து 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடம் எடுத்து யூடியூபில் ஏற்றினார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக சமக்ர சிக்ஷா 'ஒயிட் போர்டு' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது, வட்டார வள மையத்து (பி.ஆர்.சி.) ரிசோர்ஸ் டீச்சர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றபடி பாடத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். 2021 தொடக்கத்தில் பத்தாம் வகுப்புத் திருப்புதல் பாடங்கள் ஒலிப்புத்தகமாகவும் சைகைமொழியோடும் வெளிவந்தன. நல்ல மனதோடு செய்த வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாடம் முழுசாகத் தயாரான பிறகு அதற்கு ஒலியும் சைகையும் சேர்ப்பது இரட்டை வேலை. ஸ்லைடு செய்கிற அன்றைக்கே நினைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

கல்லூரிப் படிப்புக்கு அந்த அளவு கவனிப்புகூட இல்லை. வேலந்தாவளம் பக்கத்திலிருந்து, பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண் ஆன்லைனில் ஒரு பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை; எங்கே சேர்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கும். அவள் லேப்டாப்பில் இருந்தது என்விடிஏ என்கிற இலவச ஸ்க்ரீன் ரீடர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ் என்ற பார்வையில்லாத இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கியது. திரையில் எழுத்தாக இருப்பதை எல்லாம் அது வாசிக்கும், தமிழும் வாசிக்கும். ஆசிரியர் அனுப்பிய ஸ்லைடுகளை அவள் என்னிடம் கொண்டுவந்தாள். "சார், இதுல ஏதோ கோளாறுங்க. என்னோட கம்ப்யூட்டர்லயா, அவங்களோட ஃபைல்லயான்னு பார்த்துச் சொல்லுங்க."

இருவரும் சேர்ந்து கேட்டோம். முதல் ஸ்லைடு: "பிக்சர் 7." கொஞ்சம் அமைதி. "பிக்சர் 9. டெக்ஸ்ட் பாக்ஸ் 12." அடுத்த ஸ்லைடில் எழுத்து இருந்தது. நான் கண்ணால் வாசித்தேன்: பாலக்காடு. அவள் அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள். "ஜி. ஹெச். ஒய். எஃப். செமிகோலன். எஃப். ஹெச். எல்." அவள் பிறந்து வளர்ந்த மாவட்டத்தின் பெயர் அவள் காதுக்கு இப்படி வந்தது.

காரணம் பாமினி எழுத்துரு. டிடிபி காலத்துப் பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்கு அது தமிழ். ஸ்க்ரீன் ரீடர் போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதை வாசிக்கிறது. யூனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது, தமிழ்நாடு அரசு 2010இல் அதை முறையாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் நோட்டீஸ் அடிக்கிற கடையிலிருந்து கல்லூரி வரைக்கும் பாமினி போகவில்லை. 'எங்கிட்ட பழைய நோட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு' என்பார்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் மாறிவிடும். ஒரு பாடம் மாற்ற ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

அதன்பின் நான் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போகும் இடத்தில் எல்லாம் இந்த "ஜி ஹெச் ஒய் எஃப்"ஐத்தான் முதலில் கேட்க வைப்பேன். ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து, திரையை அணைத்துவிட்டு, அவரவர் ஸ்லைடை அவரவர் காதால் கேட்கச் சொல்வேன். வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு வந்த இளம் ஆசிரியை ஒருவர் தன் ஸ்லைடை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இத்தனை நாளும் இதையா சார் அனுப்பிக்கிட்டிருந்தோம்?" என்று எழுந்து நின்றார்.

சரிசெய்வது எப்படி என்று சொல்கிறேன், இதில் மாயம் எதுவுமில்லை. எழுத்தை யூனிகோடில் அடிக்க வேண்டும். புத்தகப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து ஒட்டக் கூடாது. போட்டோவில் இருக்கும் எழுத்து ஸ்க்ரீன் ரீடருக்கு எழுத்தே இல்லை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித் தலைப்பு வேண்டும், அதுவும் தலைப்புக்கென்று இருக்கிற பெட்டியில். பார்வையுள்ளவர் ஸ்லைடுகளைக் கண்ணால் புரட்டித் தேடுவதுபோல, பார்வையில்லாதவர் தலைப்புகளைக் கேட்டுக் கேட்டுத்தான் தேடுவார். எல்லா ஸ்லைடுக்கும் 'தொடர்ச்சி' என்று பெயர் வைத்தால் அவர் எங்கே போவார்?

அடுத்தது வரிசை. பவர்பாயிண்டில் எந்தப் பெட்டியை முதலில் வைத்தோமோ அதைத்தான் ஸ்க்ரீன் ரீடர் முதலில் வாசிக்கும். படத்தை வைத்து, விடையை எழுதி, கடைசியில் கேள்வியை மேலே சேர்த்தால், அவள் காதுக்கு விடை முதலில் வந்து கேள்வி கடைசியில் வரும். செலக்‌ஷன் பேனைத் திறந்து வரிசையை மாற்றலாம். அதில் கீழே இருப்பதுதான் முதலில் வாசிக்கப்படும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பள்ளி லேப்டாப்பில் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தந்த உபுண்டுவும் இம்ப்ரெஸும்தான், அங்கே ஓர்கா என்ற ஸ்க்ரீன் ரீடர் கூடவே வருகிறது. செய்முறை கொஞ்சம் வேறுபடும், கொள்கை ஒன்றுதான்.

நான் அதிக நேரம் செலவிடுவது படத்துக்கு விவரம் எழுதுவதில்தான். படத்தின்மேல் வலது கிளிக் செய்தால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று வரும். அதில் எழுதுவது திரையில் தெரியாது, ஸ்க்ரீன் ரீடருக்கு மட்டும் கேட்கும். பெரும்பாலானோர் 'மேற்குத் தொடர்ச்சி மலை வரைபடம்' என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்பவருக்கு அங்கே ஒரு படம் இருக்கிறது என்று தெரிகிறது, படத்தில் என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. அதே வேலந்தாவளத்துப் பெண்ணும் நானும் சேர்ந்து கணவாய்ப் படத்துக்கு எழுதிப் பார்த்தது இது: 'மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லை. இடைவெளிக்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மேற்கிலிருந்து கிழக்கே மூன்று அம்புக்குறிகள் இந்த இடைவெளி வழியாகப் போகின்றன. அவை தென்மேற்குப் பருவக்காற்று.' ஐந்தே வாக்கியம். "இப்ப படம் கிடைச்சிருச்சுங்க சார்" என்றாள். 'அழகான பச்சை நிறப் பின்னணியில்' என்று நான் தொடங்கியிருந்த வரியை அவள்தான் வெட்டச் சொன்னாள். "பாடத்துக்கு வேணுங்கறதை மட்டும் சொல்லுங்க, நேரம் போகுதுல்ல." அலங்காரத்துக்கு வைத்த பூப்படத்துக்கு விவரமே வேண்டாம், 'அலங்காரம்' என்று குறித்துவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும்.

மங்கலான பார்வையுள்ளவர்களைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. அவர்களில் பலர் ஸ்க்ரீன் ரீடர் வைத்துக்கொள்வதில்லை, கண்ணைச் சுருக்கிச் சமாளிக்கிறார்கள். இளநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து, மஞ்சளில் ஆரஞ்சு, இதெல்லாம் அவர்களுக்கு வெறும் மூட்டம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், பெரிய எழுத்தானால் 3க்கு 1 என்று உலக அளவில் பின்பற்றப்படும் இணைய அணுகல் விதியான டபிள்யூ.சி.ஏ.ஜி. சொல்கிறது. சோதிக்க இலவசக் கருவி உண்டு. 'சிவப்பில் இருப்பது தவறு, பச்சையில் இருப்பது சரி' என்று விடை காட்டுவதும் கூடாது. அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிகிறவர்கள் ஆண்களிடையே கணிசம்.

காது கேளாத மாணவருக்கு வேண்டியது வேறு. ஸ்லைடில் நிறைய எழுதிவிட்டு ஆசிரியர் மேலே பேசிக்கொண்டே போனால், அந்த மாணவர் எழுத்தைப் படிப்பதா, மூலையில் இருக்கும் சைகைமொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பதா? கண் ஒன்றுதான். ஸ்லைடை மாற்றியதும் வாசிக்க நேரம் விட்டு, பிறகு பேசவேண்டும். வசனவரி தானாக ஓடுவதை அப்படியே விடக்கூடாது, தமிழில் கலைச்சொற்கள் கண்டபடி மாறிவிடும். ஒருமுறை உட்கார்ந்து திருத்த வேண்டும். இந்தியச் சைகைமொழி அகராதியில் 2021இல் 10,000 சொற்கள் ஏறிவிட்டன என்றாலும், எல்லைப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தமிழும் சைகையும் இரண்டும் தெரிந்த ஆள் கிடைப்பது இன்னும் குதிரைக்கொம்புதான்.

இதை எல்லாம் 'ஒன்றிரண்டு பேருக்காக' என்று சொல்பவர்களை நான் மறையூருக்கும் வட்டவடைக்கும் வரச் சொல்வேன். இடுக்கி மலையில் தோட்டத்து லயங்களில் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கும் என்பது அங்குள்ள பிள்ளைகளுக்கு அத்துப்படி. அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது போனும் கூடவே போய்விடும், சாயங்காலம்தான் திரும்பி வரும். வந்தபிறகு மூன்று பிள்ளைகள் அதைப் பங்கு போட வேண்டும். அனிமேஷனும் வீடியோவும் திணித்த ஸ்லைடு ஃபைல் அங்கே இறங்கவே இறங்காது. பார்வையில்லாதவருக்காக எழுத்தும் விவரமுமாகச் செய்த சிறு ஃபைல் சட்டென்று இறங்குகிறது. கையளவு திரையில் வரைபடம் தெரியாத பிள்ளை, விவரத்தை வாசித்துப் புரிந்துகொள்கிறது. அதையே ஒருவர் குரலில் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பினால் படிக்கத் தெரியாத பாட்டியும் பேத்திக்கு உதவுகிறாள். பார்வையுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் அது கைகொடுத்ததை நான் நேரில் பார்த்தேன்.

சட்டத்துக்கும் இப்போது குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இருக்கிறது. மின்பாடங்களை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2021 ஜூனில் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதியை 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 ஏப்ரலில் மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, உயிர்வாழும் உரிமையில் அடங்கியது என்றும் சொல்லிவிட்டது. சாக்பீஸ் காலத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வாத்தியார் எந்த விதியையும் படித்தவரல்ல, முன்னால் உட்கார்ந்திருந்த பையனை மறக்காதவர், அவ்வளவுதான். இன்றைய ஆசிரியருக்கு அப்படியொரு பையன் திரையில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெயராக மட்டும் தெரிகிறான். மறப்பது சுலபம். அதனால்தான் விதி வேண்டியிருக்கிறது; விதியோடு கூட, சேரும்போதே 'உங்களுக்கு எந்த வடிவத்தில் பாடம் வேண்டும்?' என்று மாணவரைக் கேட்கிற வழக்கமும் வேண்டும்.

வேலந்தாவளத்துப் பெண் படிப்பை முடித்துவிட்டாள். நடுவில் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுத என் உதவி கேட்டாள். எழுதியதெல்லாம் அவள்தான், நான் பிழை மட்டும் பார்த்தேன். மூன்று கோரிக்கை. ஸ்லைடை வகுப்புக்கு முந்தின நாளே அனுப்ப வேண்டும். பிடிஎஃப் போட்டோவாக இல்லாமல், செய்த ஃபைலையே அனுப்ப வேண்டும். வகுப்பில் 'இதை', 'அதை' என்பதற்குப் பதில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். சில ஆசிரியர்கள் அடுத்த வாரத்திலிருந்தே மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், முந்தின நாளே அனுப்பினால் மாணவர்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று மறுத்தார். அவருக்கு அவள் மறுபடியும் எழுதினாள்: "நான் வருகிறேன் ஐயா. முன்கூட்டிக் கேட்டுவிட்டு வந்தால்தான் வகுப்பில் உங்களிடம் கேள்வி கேட்க முடியும்." அவர் அனுப்பத் தொடங்கினார். ஃபைல் யூனிகோடில்தான் இருந்தது. படங்களுக்கு விவரம் இல்லை. அதற்கு அடுத்த கடிதத்தை அவள் அன்று இரவே எழுதத் தொடங்கினாள்.